ஆரணியிலும் நடந்த அமெரிக்கப் போர்

கண்ணமங்கலத்து ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஒன்பதாம் வகுப்பில் ‘புரட்சிகளின் காலம்’ பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, ஜவ்வாது மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவன் ஒருவன் எழுந்து, “அமெரிக்காக்காரங்க சுதந்திரம் வாங்குனதுக்கும் நமக்கும் என்ன சார் சம்பந்தம்?” என்று கேட்டானாம். வகுப்பே சிரித்ததாம். உங்களுக்கும் சட்டென்று பதில் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை அது. வரலாறு படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் கேட்க வேண்டியது. பாடப்புத்தகம் அதற்குப் பதில் சொல்லாமல் விட்டிருக்கிறது. எனக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன். நீங்கள் உங்கள் முறையில் வகுப்பில் சொல்லிக்கொள்ளுங்கள்.

சுருக்கமான பதில் இதுதான்: அமெரிக்க விடுதலைப் போர் அமெரிக்காவில் மட்டும் நடந்த போர் அல்ல. செங்கம் கணவாய், வேலூர்க் கோட்டை, ஆரணி, கடலூர் எல்லாமே அந்தப் போரின் களங்கள். கண்ணமங்கலம் வேலூருக்கும் ஆரணிக்கும் நடுவில் இருக்கிறது. உங்கள் மாணவன் படிக்கிற பள்ளியே அந்தக் களத்துக்குள்தான் நிற்கிறது.

விரிவான பதிலை 1745-லிருந்து தொடங்க வேண்டும். அப்போது ஐரோப்பாவில் பிரிட்டனும் பிரான்சும் ஒரு போரில் எதிரெதிர் அணிகளில் இருந்தன. அந்த ஆண்டு ஜூனில், வட அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் குடியேற்றக்காரர்கள் படை திரட்டிப் போய், பிரெஞ்சுக்காரர்களின் லூயிஸ்பர்க் கோட்டையைப் பிடித்தார்கள். பிடித்த பிறகு காவலுக்கு இருந்தவர்களில் பலர் குளிரிலும் நோயிலும் அங்கேயே மடிந்தார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில், இங்கே பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னையின் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் அந்தச் செய்திகளையெல்லாம் எழுதி வைத்த காலம் அது. 1748-ல் சமாதானம் பேசியபோது இரண்டு வல்லரசுகளும் கணக்கை நேர் செய்துகொண்டன. சென்னை ஆங்கிலேயருக்குத் திரும்பி வந்தது, லூயிஸ்பர்க் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பிப் போனது. தங்கள் பிள்ளைகள் உயிரைக் கொடுத்துப் பிடித்த கோட்டையை, பார்த்தேயிராத ஓர் ஊருக்காக லண்டன் விட்டுக்கொடுத்துவிட்டதே என்று நியூ இங்கிலாந்தில் பலர் கொதித்தார்கள். தாய்நாட்டின் மீது அங்கே கசப்பு ஊறத் தொடங்கியதில் இந்தப் பரிமாற்றத்துக்கும் பங்கு உண்டு. அந்தத் தராசின் மறுதட்டில் இருந்தது நம் சென்னை.

அடுத்த போர் இன்னும் பெரியது. 1754-ல் ஒஹாயோ பள்ளத்தாக்கில் பிரெஞ்சுக்காரர்களோடு மோதி, கடைசியில் சரணடைந்த இளம் படை அதிகாரி ஜார்ஜ் வாஷிங்டன். அங்கே பற்றிய நெருப்பு ஏழாண்டுப் போராகி உலகமெங்கும் பரவியது. அமெரிக்கப் பக்கத்தில் 1759-ல் கியூபெக் விழுந்தது. இந்தப் பக்கத்தில் 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தார். மறு ஆண்டு புதுச்சேரியும் விழுந்தது. 1763-ல் பாரிசில் கையெழுத்தான ஒரே உடன்படிக்கை இரண்டு கண்டங்களின் தலையெழுத்தையும் எழுதியது. வந்தவாசி உங்கள் மாவட்டத்து ஊர்தான். அந்தச் சண்டையைத் தனியாகவும் கியூபெக்கைத் தனியாகவும் படிக்கிற பிள்ளைக்கு இரண்டுமே புரியாது.

அந்தப் போருக்கு பிரிட்டன் வாங்கிய கடன் பெரியது. கடனை அடைக்க அமெரிக்கக் குடியேற்றங்களின் மேல் வரி போட்டார்கள். 1765-ல் முத்திரை வரி, 1767-ல் கண்ணாடி, காகிதம், தேயிலைக்கு வரி. இந்த வரிக் கதை பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதே 1767-ல் நம் பக்கம் என்ன நடந்தது என்பதுதான் அதில் இல்லை. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்த இடம்தான்.

சிங்காரப்பேட்டையிலிருந்து செங்கத்துக்கு இறங்கும் வழி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பக்கம் ஜவ்வாது, இன்னொரு பக்கம் தென்மலை, நடுவில் கணவாய். மைசூர்ப் பீடபூமியிலிருந்து ஆற்காட்டுச் சமவெளிக்கு ஒரு பெரும்படை இறங்குவதற்கு வாகான வாசல் அது. 1767 செப்டம்பர் 3 அன்று மைசூரை ஆண்ட ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்து, கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை அங்கே மறித்தார்கள். அதே மாதக் கடைசியில் திருவண்ணாமலையில் மறுபடி சண்டை. இரண்டிலும் கம்பெனி தாக்குப்பிடித்தது. ஆனால் ஹைதர் ஓயவில்லை. 1769-ல் சென்னையின் வாசல்வரை குதிரைப் படையோடு வந்து நின்று, தாம் சொன்ன நிபந்தனையில் கம்பெனியைக் கையெழுத்துப் போட வைத்தார்.

ஹைதரின் படையெடுப்புச் செய்தி லண்டனுக்குப் போனதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. அசைக்க முடியாதது என்று பிரபுக்களும் எம்.பி.க்களும் நம்பிப் பணம் போட்டிருந்த கம்பெனி அது. அடுத்து 1770-ல் வங்காளப் பஞ்சம் வந்தது. 1772-ல் ஐரோப்பிய வங்கிகள் தடுமாறின. கம்பெனி கடனில் மூழ்கி அரசாங்கத்திடம் கையேந்தியது. அரசாங்கம் 14 லட்சம் பவுன் கடன் கொடுத்ததோடு, கிடங்குகளில் விற்காமல் தேங்கிக் கிடந்த தேயிலையை நேரடியாக அமெரிக்காவுக்கு அனுப்பி விற்கவும் 1773-ல் சட்டம் போட்டுக் கொடுத்தது. அந்தத் தேயிலையைத்தான் அந்த டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டிகளாகத் தூக்கிக் கடலில் எறிந்தார்கள். தேயிலை சீனத்துத் தேயிலை. அனுப்பியது செங்கத்தில் சண்டை போட்ட அதே கம்பெனி. ஹைதர் ஒருவரால்தான் பாஸ்டன் கலகம் வந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். வங்காளத்துச் சாவுகளும் லண்டன் பேராசையும் அதற்கு மேலான காரணங்கள். ஆனால் அந்தச் சங்கிலியில் செங்கம் கணவாய் ஒரு கண்ணி. அதை விட்டுவிட்டுப் பாஸ்டன் கதையைச் சொல்வது அரைக்கதை.

இனி விடுதலைப் போர். 1777 அக்டோபரில் சரடோகாவில் ஒரு பிரிட்டிஷ் படை சரணடைந்தது. அதைப் பார்த்த பிரான்சு 1778 பிப்ரவரியில் அமெரிக்காவோடு உடன்படிக்கை செய்துகொண்டது. பிரெஞ்சுப் பணமும் கப்பலும் வராமல் வாஷிங்டன் வென்றிருக்க முடியாது. ஆனால் பிரான்சு போருக்கு வந்த அந்த நிமிடத்திலிருந்து நம் ஊர்களும் போருக்குள் வந்துவிட்டன. அதே ஆண்டு அக்டோபரில் கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ புதுச்சேரியைப் பிடித்தார். 1779 மார்ச்சில் பிரெஞ்சுக்காரர்களின் மாஹேயும் விழுந்தது. மாஹே ஹைதருக்கு ஆயுதம் வந்து இறங்கும் துறைமுகம். தம் பாதுகாப்பில் இருக்கும் ஊரைத் தொடாதே என்று அவர் எச்சரித்தும் கம்பெனி கேட்கவில்லை. 1769 உடன்படிக்கையில் உதவிக்கு வருவோம் என்று சொல்லிவிட்டு, மராட்டியர் தாக்கியபோது கைவிட்ட கோபமும் அவருக்குள் இருந்தது.

1780 ஜூலையில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படையோடு அவர் அதே செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. மைசூர் ராக்கெட்டுகள் விழுந்து வெடிமருந்து வண்டிகள் வெடித்தது அங்கேதான். பக்கத்தில் காஞ்சியிலேயே இருந்த மன்றோ, பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார். ஆற்காடு நவம்பரில் விழுந்தது. வேலூர்க் கோட்டை விழவில்லை. ஆனால் முற்றுகையில் உள்ளே பட்டினி. 1782 ஜனவரியில் அயர் கூட் தானிய மூட்டைகளை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் ஹைதரின் பீரங்கிகளுக்கு நடுவே வேலூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். உடல் நலிந்து, பல்லக்கில் படுத்தபடி போனார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் வந்தவாசியில் வென்ற அதே கூட்.

ஆரணிக் கோட்டையில் ஹைதர் தானியமும் வெடிமருந்தும் குவித்து வைத்திருந்தார். அதைக் குறிவைத்து 1782 ஜூன் 2 அன்று கூட் விடியலில் நகர்ந்தபோது, பின்பக்கமிருந்து ஹைதரின் பீரங்கிகள் முழங்கின. கூட் படையைத் திருப்பி நிறுத்திச் சண்டை போட்டார். இந்த இடைவெளியில் ஹைதரின் மகன் திப்பு கோட்டையைப் பலப்படுத்திக்கொண்டார். களம் தங்களுடையது என்று ஆங்கிலேயர் எழுதிக்கொண்டார்கள். ஆனால் கோட்டை ஹைதரிடமே இருந்தது, கூட் வெறுங்கையோடு சென்னைக்குத் திரும்பினார். யார் வென்றது என்று உங்கள் மாணவர்களையே விவாதிக்கச் சொல்லலாம். நல்ல விவாதமாக வரும்.

ஆரணிச் சண்டைக்கு இரண்டு மாதம் முன்னால், 1782 ஏப்ரல் 8 அன்று, அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் இன்னொரு சண்டை நடந்தது. பிலடெல்பியாவின் வணிகக் கப்பல்களைக் காப்பாற்றப் பென்சில்வேனியா மாநிலம் ஒரு கப்பலுக்குப் பீரங்கி பொருத்தி அனுப்பியது. தலைவர் ஜோசுவா பார்னி, இருபத்திரண்டு வயது இளைஞர். எதிரே வந்தது அதைவிட வலுவான ‘ஜெனரல் மங்க்’ என்ற பிரிட்டிஷ் கப்பல். நான் உரக்கக் கத்தும் கட்டளைக்கு நேர்மாறாகச் சுக்கானைத் திருப்பு என்று பார்னி சுக்கான்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார். கத்தியதை நம்பி எதிரி ஒரு பக்கம் திரும்ப, இவர் கப்பல் மறுபக்கம் திரும்பி, எதிரிக் கப்பலின் முன்னால் நீண்டிருந்த கழி இவர்கள் கயிறுகளில் சிக்கிக்கொண்டது. சிக்கிய கப்பலைப் பீரங்கிகளால் துளைத்தார்கள். அரைமணி நேரத்துக்குள் பிரிட்டிஷ் கொடி இறங்கியது. அந்த அமெரிக்கக் கப்பலின் பெயர் ‘ஹைதர் அலி’. பிலிப் ஃப்ரீனோ என்ற அமெரிக்கக் கவிஞர் அதைப் பற்றிக் கவிதையும் எழுதினார். செங்கம் வழியாக இறங்கி வந்த மனிதரின் பெயரைத் தங்கள் போர்க்கப்பலுக்கு வைக்கிற அளவுக்கு, இரண்டு சண்டையும் ஒன்றுதான் என்று பிலடெல்பியாக்காரர்களுக்கு அன்றே தெரிந்திருந்தது. நம் பிள்ளைகளுக்கு அதை நாம் இன்னும் சொல்லவில்லை.

அந்த டிசம்பர் 7 அன்று சித்தூர் அருகே நரசிங்கராயன்பேட்டையில், முதுகில் வந்த ராஜபிளவையால் ஹைதர் இறந்தார். மலபாரில் இருந்த திப்பு வந்து சேரும்வரை படைக்குத் தெரியக்கூடாது என்று, உடலைக் கருவூலப் பெட்டிபோல் ஒரு பெட்டியில் வைத்துக் காவலோடு கோலாருக்கு அனுப்பினார்கள். 1783 ஜூன் 20 அன்று கடலூர்க் கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் பிரிட்டிஷ் தளபதி ஹியூஸும் மோதினார்கள். ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. செய்தி கப்பலில் வந்து சேர ஐந்தாறு மாதமாகும் காலம். முடிந்துபோன போருக்காகக் கடலூரில் ஆட்கள் செத்தார்கள். அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிச் சண்டை என்று வரலாற்றாசிரியர்கள் பலர் குறிப்பிடுவது இந்தக் கடலூர்ச் சண்டையைத்தான்.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1781 அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் சரணடைந்து அமெரிக்காவை இழந்த தளபதி கார்ன்வாலிஸ். அவரையே 1786-ல் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக அனுப்பினார்கள். அவர்தான் 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் பாதி நாட்டைப் பிடுங்கி, இரண்டு மகன்களைப் பிணையாக வாங்கினார். ஜவ்வாதின் மேற்கு அடிவாரத்துத் திருப்பத்தூர் உள்ளிட்ட பாராமகால் அப்படித்தான் கம்பெனி கைக்கு வந்தது. 1799-ல் திப்பு விழுந்தார், 1801-ல் ஆற்காட்டு நவாபின் சீமை முழுவதும் போனது. மேற்கே இழந்ததைக் கிழக்கே வட்டியோடு பிடித்தார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். அவர்கள் விடுதலை பெற்ற அதே காலகட்டத்தில்தான் நம் அடிமைத்தனம் இறுகியது.

இதையெல்லாம் வைத்து ஹைதரை வீரத் திருமகனாக வைத்துப் பாடம் நடத்திவிட வேண்டாம் என்பதும் என் வேண்டுகோள். சென்னைப் படைக்குச் சோறு கிடைக்கக்கூடாது என்று அவருடைய குதிரைப் படை ஊர்களைக் கொளுத்தியது, மாடுகளையும் மனிதர்களையும் மைசூருக்கு ஓட்டிச் சென்றது. அடுத்து வந்த பஞ்சத்தில் செத்தவர்கள் நம் உழவர்கள், நெசவாளர்கள். கம்பெனிப் பக்கம் சிப்பாய்களாகச் செத்தவர்களிலும் பெரும்பாலோர் இந்த மண்ணின் ஆட்கள்தான். ஹைதர் செங்கம் வழியாக இறங்கியதற்கு ஓராண்டு முன்னால், 1779-ல், அமெரிக்காவிலும் வாஷிங்டன் உத்தரவின்படி ஜெனரல் சல்லிவனின் படை இரொகுவாய்ப் பழங்குடிகளின் நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்களைக் கொளுத்தி, விளைந்து நின்ற சோளத்தை அழித்தது. அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் பட்டினியில் செத்தார்கள். பெரிய பெயர்கள் மோதிக்கொண்ட இடமெல்லாம் இப்படித்தான் நடந்திருக்கிறது.

உங்கள் மாணவன் மலையிலிருந்து வருகிறவன் என்பதால் இதைக் கூடுதலாகச் சொல்லத் தோன்றுகிறது. 1763-ல் பிரிட்டிஷ் அரசு, அப்பலேச்சிய மலைகளுக்கு மேற்கே குடியேறக்கூடாது, அது பழங்குடிகளின் நிலம் என்று கோடு போட்டது. விடுதலை கேட்டவர்களுக்கு இருந்த குறைகளில் அந்தக் கோடும் ஒன்று. விடுதலை வந்ததும் கோடு போயிற்று. 1830-ல் பழங்குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் துரத்த அமெரிக்க நாடாளுமன்றமே சட்டம் போட்டது. 1838-ல் செரோக்கி மக்களைப் படை வைத்து நடத்திச் சென்றதில் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே இறந்தார்கள். இங்கே அதே நூற்றாண்டில், 1882-ல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்தது. அதுவரை மலைமக்கள் தங்களுடையது என்று நினைத்துப் புழங்கிய காடுகள், அந்தச் சட்டத்தின் கீழ் ஒதுக்கப்பட்ட காடுகளாக ஆயின. செரோக்கிகளுக்கு நடந்ததும் இதுவும் ஒன்றல்ல, அளவிலும் கொடுமையிலும் பெரிய வேறுபாடு உண்டு. ஆனால் சமவெளியில் இருப்பவர்கள் எழுதும் சட்டம் மலையில் இருப்பவர்களின் வாழ்க்கையை எப்படி மாற்றும் என்பதை அவன் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டாலே சொல்வார்கள். அமெரிக்க வரலாற்றின் அந்தப் பகுதி வகுப்பில் மற்றவர்களைவிட அவனுக்குச் சீக்கிரம் புரியும்.

ராக்கெட் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கைப்பற்றிய மைசூர் ராக்கெட்டுகளை வைத்து இங்கிலாந்தில் காங்கிரீவ் புதிய ராக்கெட்டுகளைச் செய்தார். 1814 செப்டம்பரில் பால்டிமோரின் மெக்கென்றி கோட்டை மீது பிரிட்டிஷ் கப்பல்கள் எறிந்தவை அவைதான். அதைக் கண்ணால் பார்த்த பிரான்சிஸ் ஸ்காட் கீ எழுதிய பாட்டு 1931-ல் அமெரிக்காவின் தேசிய கீதமானது. ராக்கெட் அந்தப் பாட்டிலும் வருகிறது. அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ஏவுதளத்தில் மைசூர் ராக்கெட் படை ஓவியமாகத் தொங்கியதைப் பார்த்ததாக அப்துல் கலாம் ‘அக்கினிச் சிறகுகள்’ நூலில் எழுதியிருக்கிறார்.

பாடத்திட்டம் தயாரிப்பவர்கள் அமெரிக்கப் புரட்சியையும் மைசூர்ப் போர்களையும் தனித்தனி வகுப்பில், தனித்தனி அலகில் வைத்திருப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. அவர்கள் மாற்றும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். கரும்பலகையில் ஒரே ஆண்டுக்கோடு வரைந்து, மேலே பாஸ்டன், சரடோகா, யார்க்டவுன் என்றும், கீழே செங்கம், பொள்ளிலூர், ஆரணி, கடலூர் என்றும் எழுதிக் காட்டுங்கள். முடிந்தால் ஒருநாள் பிள்ளைகளை ஆரணிக்கும் வேலூர்க் கோட்டைக்கும் அழைத்துப் போங்கள். இரண்டும் கண்ணமங்கலத்திலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம்தான்.

இன்னொரு வேலையும் அவர்களுக்குக் கொடுங்கள். செங்கம், படவேடு, சந்தவாசல், மலைமேல் ஜமுனாமரத்தூர் என்று அவரவர் ஊரில் ஹைதர் காலம், கம்பெனிக் காலம் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் கதை, பாழடைந்த மேடு, நடுகல், பழைய வழித்தடம் எது இருந்தாலும் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். கூட்டும் மன்றோவும் தங்கள் பக்கத்தை எழுதி வைத்துவிட்டார்கள். நம் ஊர்ப் பக்கத்தை எழுதியவர்கள் மிகக் குறைவு. பிள்ளைகள் கொண்டுவருவதை எனக்கும் ஒரு படி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்